சொல்ல வழி செய்தல், சொன்னதைக் கேட்டல்: ஆட்டிசம் உள்ளவர்களின் கருத்துரிமைக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டிசம் உள்ள ஒருவரோடு வாழ்பவரும், அவருக்குக் கற்பிப்பவரும், மருத்துவம் பார்ப்பவரும், அவருடன் பணிபுரிபவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. தம் கருத்தைச் சொல்ல அவருக்கு வழி இருக்கிறதா என்பது ஒன்று; அவர் சொன்னால் அது பொருட்படுத்தப்படுகிறதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பலரும் விடை தேடுகிறார்கள்: படங்களைத் தொட்டுக் கருத்தைச் சொல்ல உதவும் படப் பலகை வாங்குகிறார்கள், அதே வேலையைச் செய்யும் செயலியை நிறுவுகிறார்கள், பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறார்கள். இரண்டாவது கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. சொன்னது மதிக்கப்படாத இடத்தில் எவ்வளவு நல்ல கருவியும் நாளடைவில் மூலையில் கிடக்கும் என்பதால், இந்த வழிகாட்டி இரண்டையும் சேர்த்தே பேசுகிறது.

இதைச் செய்வதும் செய்யாததும் நம் கருணையைப் பொறுத்தது என்று எவரும் கருத வேண்டாம். 2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்று, 2008 மே 3 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, பேச்சும் சைகை மொழியும் மட்டுமல்லாமல் எழுத்து, பிரெய்ல், தொடுகை, எளிய நடை, பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ அமையும் பிற முறைகள் ஆகிய அனைத்தையும் தொடர்பு என்பதற்குள் அடக்குகிறது. அதன் 21-ஆம் பிரிவு, தாம் விரும்பித் தேர்ந்தெடுக்கும் எந்த முறையிலும் கருத்தை வெளியிடவும் தகவலைப் பெறவும் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள உரிமையை அரசுகள் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. எந்த முறை என்பதைத் தேர்வு செய்பவர் அந்த மனிதரே. பெற்றோரோ பள்ளியோ பயிற்சியாளரோ அல்லர் என்பது இதிலிருந்து தெளிவாகும்.

எதை நம்பித் தொடங்குவது

ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை, பேச்சு வராதவர்களாகவோ மிகக் குறைவாகவே வருபவர்களாகவோ இருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. பேச்சு வரவில்லை என்பதைப் புரிதலும் இல்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்வதே இவர்களுக்கு நேரும் முதல் அநீதி. ஒரு சொல்லை உச்சரிக்க நாக்கு, உதடு, மூச்சு, குரல் ஆகியவை நொடிப் பொழுதில் ஒத்திசைய வேண்டும். அந்த ஒத்திசைவு கைகூடாத ஒருவருக்கு அந்தச் சொல்லின் பொருள் நன்றாகவே தெரிந்திருக்கலாம். கனடாவின் மான்ட்ரியால் நகர ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சு மிகக் குறைவாக உள்ள 30 குழந்தைகள் பங்கேற்றனர். அவர்களில் ஒருவராலும் வழக்கமான நுண்ணறிவுச் சோதனையை முடிக்க இயலவில்லை. ஆனால், பேசாமலே வடிவங்களைக் கையில் எடுத்துப் பொருத்தும் சோதனையைப் பெரும்பாலோர் முடித்தனர். பலர் தம் வயதுக்குரிய வரம்புக்குள்ளேயே மதிப்பெண் பெற்றனர். முதல் சோதனையோடு நிறுத்தியிருந்தால் அந்தக் குழந்தைகளைப் பற்றி எழுதப்படும் அறிக்கை எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கல்வியாளர் ஆன் டோனெல்லன் 1984-இல் ஒரு நெறியை முன்வைத்தார். ஒருவரின் திறனைப் பற்றித் திட்டவட்டமான சான்று இல்லாதபோது, நம் அனுமானம் தவறாகிப் போனாலும் அவருக்கு மிகக் குறைந்த தீங்கு விளைவிக்கும் அனுமானம் எதுவோ அதையே கொண்டு நடக்க வேண்டும் என்பதே அது. புரியும் என்று எண்ணிப் பேசி, அவருக்குப் புரியாமல் போனால் நட்டம் சொற்பம். புரியாது என்று எண்ணிப் பேசாமலே இருந்துவிட்டு, அவருக்கு எல்லாம் புரிந்திருந்தால் அந்த இழப்பை எவராலும் ஈடுசெய்ய முடியாது.

நடைமுறையில் இதற்குச் சில கட்டாயங்கள் உண்டு. அவர் அறையில் இருக்கும்போது அவரைப் பற்றிப் படர்க்கையில் பேசக் கூடாது. பேச வேண்டியிருந்தால் அவரையும் உரையாடலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் முன்னிலையில் அவருடைய கழிப்பறைப் பழக்கங்களையோ கோபங்களையோ விருந்தினரிடம் விவரிப்பது, அவர் பேசாதவர் என்பதாலேயே நாம் எடுத்துக்கொள்ளும் அத்துமீறல். வயது வந்தவரை மற்ற வயது வந்தவர்களை அழைப்பது போலவே 'நீங்கள்' என்று அழைக்க வேண்டும். முப்பது வயதுப் பெண்ணிடம் கொஞ்சு மொழியில் பேசி, 'சமத்துப் பாப்பா' என்று கன்னத்தைத் தட்டுவதை அன்பு என்று நினைப்பவர்கள் பலர் உண்டு. அதே வயதுடைய வேறொரு பெண்ணிடம் அப்படி நடந்துகொள்வார்களா என்று அவர்கள் யோசித்துப் பார்ப்பது நல்லது.

காத்திருத்தல்

ஒரு மருத்துவரின் அறையில் நடக்கக்கூடியதைப் பார்ப்போம். 'எங்கே வலிக்கிறது?' என்று மருத்துவர் கேட்கிறார். நாற்பது வயதுப் பெண் ஒருவர் மடியிலுள்ள டேப்லெட்டின் விசைப்பலகையை நோக்கிக் கையைக் கொண்டுபோகிறார். விரல் இருமுறை திரைக்கு மேலே தயங்கி, பிறகு 'கா' என்ற எழுத்தைத் தொடுகிறது. அதற்குள் மருத்துவர் உடன் வந்த தம்பியின் பக்கம் திரும்பி, 'எத்தனை நாளா இப்படி இருக்காங்க?' என்று கேட்டுவிடுகிறார். தம்பியும் பதில் சொல்லத் தொடங்கினால், அவர் கையை எடுத்துவிடுவார். 'காது' என்ற சொல் முடிவடையாமலே போய்விடும். அந்த இடத்தில் தம்பி சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 'அக்கா எழுதிட்டிருக்காங்க டாக்டர், முடிக்கட்டும்.'

கேள்வி கேட்ட பின் குறைந்தது பத்து நொடிகளாவது மௌனமாகக் காத்திருப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பலருக்கு அதைவிட மிகுதியான நேரம் தேவைப்படும். பதில் வரவில்லையே என்று அதே கேள்வியை வேறு சொற்களில் மீண்டும் கேட்பது உதவி போலத் தோன்றினாலும், விடை சொல்ல வேண்டியவர் புதிய வாக்கியத்தை முதலிலிருந்து உள்வாங்க வேண்டியிருப்பதால், அது அவரைப் பின்னுக்கே தள்ளும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். சுற்றி வளைத்துக் கேட்பதும் குறிப்பால் உணர்த்துவதும் நம் பேச்சில் மரியாதையின் அடையாளங்கள். ஆனால் 'இங்கே வெயிலாக இருக்கிறது' என்பதற்குள் சன்னலை மூடச் சொல்லும் வேண்டுகோள் இருப்பதை எல்லோரும் ஊகித்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. நேரடியாகச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவர் நம் கண்ணைப் பார்க்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தக் கூடாது; முகத்தைப் பார்ப்பதையும் சொற்களைக் கேட்பதையும் ஒருசேரச் செய்ய இயலாத பலர், கேட்பதற்காகவே பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள். கைகளை அசைப்பதும் உடலை முன்னும் பின்னும் ஆட்டுவதும் அப்படித்தான். அவற்றை அடக்கச் சொன்னால், பேசுவதற்குச் செலவிட வேண்டிய ஆற்றல் அடக்குவதிலேயே கரைந்துவிடும்.

'வேண்டாம்' என்பதிலிருந்து தொடங்குதல்

பெரும்பாலான பயிற்சிகள், விரும்பியதைக் கேட்டுப் பெறுவதிலிருந்து தொடங்குகின்றன. படத்தைக் காட்டினால் தின்பண்டம் கிடைக்கும், பொத்தானை அழுத்தினால் பந்து கிடைக்கும். அது தவறில்லை. ஆனால் மறுக்கும் வழி அதற்கு முன்பே, குறைந்தபட்சம் அதோடு சேர்த்தே, தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மறுக்கத் தெரிந்தும் மறுப்பு செல்லுபடியாகாத ஒருவருக்கு எஞ்சியிருப்பது உடல் மட்டுமே. அவர் தள்ளுவார், கடிப்பார், ஓடுவார், தரையில் விழுவார். பிறகு அந்த உடல்மொழிக்கு 'நடத்தைப் பிரச்சினை' என்று பெயரிட்டு, அதைக் குறைப்பதற்கு வேறொரு பயிற்சி தொடங்கப்படும். அவர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், அடுத்துக் கையால் விலக்கியதும் எவராலும் கவனிக்கப்பட்டிருக்காது.

நம் மொழியில் மறுப்பு ஒரே சொல்லில் அடங்குவதில்லை என்பதைப் பலகை தயாரிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வேண்டாம், இல்லை, மாட்டேன், முடியாது, பிடிக்கவில்லை, தெரியாது ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு செய்தி. சோற்றை மறுக்கும் குழந்தை 'வேண்டாம்' என்கிறதா, தொண்டை வலியால் 'முடியாது' என்கிறதா என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. தவறு என்பதற்கான குறுக்குக் கோடு போட்ட ஒரே படத்தை வைத்துவிட்டு, மறுப்பதற்கு வழி செய்துவிட்டோம் என்று நிறைவடைந்துவிடக் கூடாது. 'நிறுத்து', 'போதும்', 'இடைவேளை வேண்டும்', 'இவற்றில் எதுவும் இல்லை' ஆகியவையும் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம்; இரண்டு சட்டைகளை நீட்டி எது வேண்டும் என்று கேட்பவர், இரண்டும் வேண்டாம் என்ற விடைக்கும் இடம் விட்டிருந்தால்தான் அது தேர்வு ஆகும்.

மறுப்பை எப்போதும் ஏற்க இயலாது என்பதும் உண்மையே. ஊசி போட்டே ஆக வேண்டும், சாலையில் கையைப் பிடித்தே ஆக வேண்டும். அத்தகைய வேளைகளில், கேட்கவில்லை என்பது போல் நடந்துகொள்ளாமல், 'வேண்டாம் என்று சொல்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. இன்று இந்த ஊசியைத் தவிர்க்க முடியாது. எந்தக் கையில் போடலாம், இப்போதே போடலாமா, ஐந்து நிமிடம் கழித்தா?' என்று கேட்க வேண்டும். ஏற்க முடியாத விஷயத்தை ஒருபோதும் கேள்வியாக முன்வைக்கக் கூடாது. 'போகலாமா?' என்று கேட்டு, 'வேண்டாம்' என்ற விடை வந்த பின்னும் கையைப் பிடித்து இழுத்துச் செல்வது, விடை சொல்வது வீண் என்பதையே கற்பிக்கிறது. ஏற்கக்கூடிய மறுப்புகளை ஒவ்வொரு முறையும் ஏற்றுவந்தால்தான், ஏற்க இயலாத அரிய வேளைகளில் நம் விளக்கத்தை அவர் நம்புவார்.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. பெரியவர்கள் சொன்னபடியெல்லாம் கீழ்ப்படிவதையே நல்ல நடத்தை என்று ஆண்டுக்கணக்கில் பழக்கப்படுத்தப்பட்ட ஒருவர், தவறான எண்ணத்தோடு தொடுபவரிடமும் கீழ்ப்படியவே செய்வார். உடலுறுப்புகளின் சரியான பெயர்களும், 'தொடாதே', 'அவர் என்னைத் தொட்டார்', 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்ற வாக்கியங்களும் பலகையில் இல்லையென்றால், நடந்ததை அவர் எப்படிச் சொல்வார்? அவற்றைச் சேர்க்கக் கூச்சப்படும் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த ஒரு கேள்வியே போதுமான விடையாகும்.

கருவிகளைத் தருதல்

மாற்றுத் தொடர்பு முறைகளைத் தொடங்கினால் பேச்சு வராமலே போய்விடுமோ என்ற அச்சம் பெற்றோரிடம் இயல்பாகவே இருக்கிறது. இத்தகைய முறைகள் பேச்சைத் தடுக்கின்றன என்பதற்கு ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. பலருக்குப் பேச்சு ஓரளவு கூடியதாகவே 2006-லும் 2008-லும் வெளிவந்த ஆய்வுத் தொகுப்புகள் காட்டின. ஆகவே, முதலில் பேச்சுக்கு முயல்வோம், சில ஆண்டுகள் பார்த்துவிட்டுப் பிறகு பலகையைத் தருவோம் என்று காத்திருப்பதற்கு நியாயம் இல்லை. இன்ன திறன் வந்த பிறகுதான் கருவி தர முடியும் என்று நிபந்தனை விதிப்பதும் தேவையற்றது.

கருவி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அட்டையில் எழுதிய எழுத்துப் பலகை, கையால் வரைந்த படங்கள், கைப்பேசியில் ஒரு செயலி, சைகைகள், வெறும் தாளும் பேனாவும் என எதுவும் பயன்படும். ஒருவரே இடத்துக்கேற்பப் பலவற்றையும் பயன்படுத்தலாம். சொற்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பிழை நேர்கிறது. உணவு, பொம்மை, விலங்கு என்று பெயர்ச்சொற்களால் நிரப்பப்பட்ட பலகையைக் கொண்டு எதையேனும் கேட்டு வாங்கலாமே தவிர, ஒரு கருத்தைச் சொல்ல முடியாது. நான், நீ, அது, வா, போ, கொடு, மறுபடியும், ஏன், யார், எப்போது, பிடிக்கும், வலி, பொய், வேறு ஆகிய சொற்களே எந்தப் பேச்சிலும் திரும்பத் திரும்ப வருபவை. அவை பலகையில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். படத்தின் கீழ் எழுத்தும் இருக்கட்டும். படத்தைப் பார்த்தே எழுத்தை அறிந்துகொண்டவர்கள் உண்டு. எழுத்துகளைக் கற்பிப்பதைத் தள்ளிப்போடவும் கூடாது. பிறர் தேர்ந்துவைத்த சொற்களுக்கு வெளியே போக அவருக்குள்ள ஒரே வழி எழுத்துதான்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் 'வேணும்', 'போலாம்' என்று காதில் விழும் குழந்தைக்குச் செயலி 'வேண்டும்', 'போகலாம்' என்று செய்தி வாசிப்பது போல் ஒலித்தால், அது தன் மொழி என்று தோன்றாமல் போகலாம். எழுத்தில் இலக்கண வடிவம் இருக்க, குரலில் வீட்டுப் பேச்சு வடிவத்தைப் பதிந்துகொள்வது நல்ல ஏற்பாடு. பதிவுக்குரிய குரலையும் இயன்றவரை அவரே தேர்ந்தெடுக்கட்டும். வளர்ந்த பெண்ணுக்குச் சிறுவனின் குரலை வைத்துவிட்டு, அவர் கருவியைத் தொடுவதில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை.

கருவியைக் கையில் கொடுத்து 'சொல், சொல்' என்று நச்சரிப்பது கற்பித்தல் ஆகாது. குழந்தை முதல் சொல்லைச் சொல்வதற்கு முன் ஏறத்தாழ ஓராண்டு காலம் பிறர் பேசுவதைக் கேட்கிறது. பலகையில் பேசப் பழகுபவருக்கும், பலகையில் பிறர் பேசுவதைப் பார்க்கும் அதே வாய்ப்பு வேண்டும். 'நாம போலாம்' என்று சொல்லும்போது 'நாம்', 'போ' ஆகியவற்றை நாமே தொட்டுக் காட்ட வேண்டும். பதிலுக்கு அவர் எதையும் தொட வேண்டும் என்று எதிர்பார்க்காமல், நாள்தோறும், மாதக்கணக்கில் இதைச் செய்ய வேண்டும். 'இது என்ன? அது என்ன?' என்று பரீட்சை வைப்பதை விடுத்து, 'இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கலை, உனக்கு?' என்பது போன்ற உண்மையான பேச்சைப் பேச வேண்டும். அவர் ஏதோ ஒரு பொத்தானைத் தற்செயலாக அழுத்திவிட்டார் என்று தோன்றினாலும், பொருளோடு சொன்னதாகவே கொண்டு விடையளிப்பது பயன் தரும். அழுத்தினால் என்ன நடக்கிறது என்பது அவருக்கு அப்படித்தான் தெரியவரும்.

கருவி எப்போதும் அவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உணவு வேளையிலும், வாகனத்திலும், படுக்கையருகிலும். தண்டனையாக அதைப் பறிப்பது, பேசும் குழந்தையின் வாயைக் கட்டுவதற்குச் சமம். வகுப்பில் ஒரே பொத்தானை ஓயாமல் அழுத்தி இடையூறு செய்கிறார் என்றால், பேச்சு மிகுந்த மாணவரிடம் சொல்வது போலவே 'கொஞ்சம் பொறு' என்று சொல்லலாம். கருவியை அலமாரியில் வைத்துப் பூட்ட எவருக்கும் உரிமை இல்லை.

திரும்பச் சொல்லும் சொற்களைக் கேட்டல்

பேச்சு இருந்தும், கேட்ட வாக்கியங்களையே திரும்பச் சொல்பவர்கள் பலர். மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசத்தை விவரித்த கட்டுரையிலேயே, 'நாயை மாடியிலிருந்து எறியாதே' என்று இடமறியாமல் சொல்லும் ஒரு சிறுவன் வருகிறான். பொம்மை நாய் ஒன்றைப் பற்றித் தாம் முன்பு சொன்ன சொற்களே அவை என்பது தாய்க்கு நினைவுக்கு வந்தது. எதையேனும் எறியத் தோன்றும்போதெல்லாம் அந்தச் சிறுவன் அந்த வாக்கியத்தால் தன்னையே தடுத்துக்கொண்டான். 1981-இல் பேச்சு, மொழி ஆய்வாளர்களான பாரி பிரைசன்ட்டும் ஜூடித் டூக்கனும், கேட்டதை உடனே திரும்பச் சொல்வதற்கும் உரையாடலில் தன் முறை வரும்போது பேசுவது, ஆம் எனச் சொல்வது, வேண்டுகோள் விடுப்பது போன்ற பயன்கள் உள்ளன என்று காட்டினர். ஆகவே, விருந்து வீட்டில் சத்தம் மிகும்போது ஒரு குழந்தை 'செருப்பைப் போடு, நேரமாச்சு' என்று சொன்னால், 'அப்படிச் சொல்லாதே' என்று அதட்டுவதற்கு மாறாக, இந்த வாக்கியத்தை அது எங்கே, எந்தச் சூழ்நிலையில் கேட்டது என்று யோசிக்க வேண்டும். 'வீட்டுக்குப் போகணுமா? சரி, கிளம்பலாம்' என்பதே அதற்குரிய விடை. இத்தகைய வாக்கியங்களையும் அவற்றின் பொருளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, பள்ளியிலும் உறவினரிடமும் பகிர்ந்தால், அவருடைய மொழி அறிந்தவர்கள் பெருகுவார்கள்.

திடீரென்று நடத்தை மாறினாலும் முதலில் செய்தியைத் தேட வேண்டும். தலையில் அடித்துக்கொள்பவருக்குக் காதுவலியோ பல்வலியோ இருக்கலாம். உடலுக்குள் நேர்வதை இனங்காண்பதே சிலருக்குக் கடினம் என்பதால், 'வலிக்கிறதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று வரும் விடையோடு நிறுத்தாமல், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

யாருடைய சொல் என்பதில் கவனம்

பேச்சில்லாதவரின் கையையோ தோளையோ பிடித்துக்கொண்டு, அல்லது எழுத்துப் பலகையை அவர் முன் கையில் ஏந்தி நின்றுகொண்டு, அவரைச் சொற்களை எழுத வைக்கும் முறைகள் உண்டு. 1990-களில் கைபிடித்து எழுதும் முறையைச் சோதித்தபோது, எழுதுபவருக்கு ஒரு படமும் கைபிடிப்பவருக்கு வேறொரு படமும் காட்டப்பட்டன. எழுதப்பட்டது கைபிடித்தவர் பார்த்த படத்தின் பெயராகவே இருந்தது. கைபிடித்தவர்கள் பொய் சொல்லவில்லை. தம் கை வழிநடத்துவதை அவர்களே அறியவில்லை. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-இல் இத்தகைய முறைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அன்பு மிகுந்த குடும்பங்களுக்கு இது கசப்பான செய்தி என்பதை நான் அறிவேன். ஆயினும், கருத்துரிமை என்பது அவருடைய சொந்தக் கருத்துக்கான உரிமையாதலால், பிறர் தொடாமலும் பலகையைப் பிறர் ஏந்தாமலும் அவர் தாமே சுட்டவோ அழுத்தவோ கண்ணால் தேரவோ இயலும் வழிகளுக்கே உழைப்பைச் செலுத்த வேண்டும். பலகையைத் தாங்கியில் பொருத்துதல், விசைகளைப் பெரிதாக்குதல், கண் அசைவால் இயங்கும் கருவி ஆகியவை அதற்கு உதவும்.

சரளமாகப் பேசுபவர்களுக்கும் இது உண்டு

நன்றாகப் பேசும் ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குக் களைப்பிலும் இரைச்சலிலும் பதற்றத்திலும் பேச்சு நின்றுவிடுகிறது. 'நேற்று நன்றாகத்தானே பேசினீர்கள்' என்று கேட்காமல், எழுதிக் காட்டவும் குறுஞ்செய்தி அனுப்பவும் விடுவதே முறை. அலுவலகத்தில் கூட்டத்தின் பொருளை முன்கூட்டியே எழுத்தில் தருவதும், தொலைபேசிக்குப் பதில் மின்னஞ்சலை ஏற்பதும், கருத்தைக் கூட்டம் முடிந்த மறுநாள் தெரிவிக்க இடமளிப்பதும் செலவில்லாத ஏற்பாடுகள். புரியாமை ஒரு தரப்பினதே என்றும் எண்ணிவிடக் கூடாது. ஆட்டிசம் உள்ள சமூகவியலாளரான டேமியன் மில்டன் 2012-இல் எழுதியது போல, இருவேறு விதமாக உலகை உணர்பவர்கள் சந்திக்கும்போது புரிந்துகொள்ளத் தவறுவது இரு தரப்புக்கும் பொதுவானது. ஆகவே முயற்சியும் இரு தரப்பிலிருந்தும் வர வேண்டும்.

அவர் சொன்னது புரியவில்லை என்றால், புரிந்தது போல் தலையாட்டக் கூடாது. 'எனக்குப் புரியவில்லை, வேறு விதமாகக் காட்ட முடியுமா?' என்று கேட்டு, அப்போதும் புரியாவிட்டால் அதை ஒப்புக்கொண்டு, பின்னர் மீண்டும் முயல்வதாகச் சொல்லி, சொன்னபடி முயல வேண்டும்.

மருத்துவமனை, காவல் நிலையம், புதிய பள்ளி போன்ற அறிமுகமில்லாத இடங்களுக்கென ஒரு பக்க அட்டை ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்வது பயனுள்ளது. நான் எந்த முறையில் பேசுகிறேன், ஆம் என்பதையும் இல்லை என்பதையும் எப்படிக் காட்டுகிறேன், விடை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், எந்த ஒலியும் ஒளியும் தொடுகையும் என்னைத் துன்புறுத்தும், வலித்தால் நான் எப்படி நடந்துகொள்வேன், யாரை அழைக்க வேண்டும் என்பவை அதில் 'நான்' என்று அவரே சொல்வது போல் எழுதப்பட வேண்டும். அட்டையில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது, அதை யாரிடம் காட்டலாம் என்பவற்றை அவரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும். முறைகள் மாறும்போதெல்லாம் அவரோடு அமர்ந்து அதைத் திருத்தி எழுத வேண்டும்.